காலைப் பார்த்து வாங்குங்கள்: ஃபிளாட் வீட்டில் பேரலல் பார்

வீட்டில் டிப்ஸ் (இரண்டு கம்பிகளுக்கு நடுவே கையை ஊன்றி உடம்பை இறக்கி ஏற்றும் பயிற்சி) அடிக்க பேரலல் பார் வாங்கப் போகிறேன் என்று சொல்பவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: எத்தனை கிலோ தாங்கும்? விற்பவரும் அதைத்தான் பெரிய எழுத்தில் போட்டிருப்பார், 200 கிலோ, 300 கிலோ என்று. என்னைக் கேட்டால் அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. நேராகக் கீழ்நோக்கி அழுத்தினால் சாதாரண பிளாஸ்டிக் ஸ்டூலே ஓர் ஆளைத் தாங்கிவிடும். ஆனால் டிப்ஸ் அடிக்கிறவன் நேராகக் கீழே மட்டுமா அழுத்துகிறான்? இறங்கும்போது உடம்பு முன்னால் சாய்கிறது, களைத்துப்போன கை வெளிப்பக்கம் தள்ளுகிறது, கையை ஊன்றியபடி காலை முன்னால் நேராக நீட்டி எல்-சிட் பிடித்தால் பாரம் வேறு பக்கம் போகிறது. கம்பி உடைந்து விழுந்தவரை நான் பார்த்ததில்லை. கம்பி ஆடுகிறதே என்று பயந்து பாதியில் இறங்கி, அப்புறம் அதை மூலையில் தள்ளித் துண்டு காயப்போட்டவர்கள் எனக்குத் தெரிந்தே நிறையப் பேர். அதனால் கம்பியைப் பார்த்து வாங்காதீர்கள், அதன் காலைப் பார்த்து வாங்குங்கள். இனிமேல் சொல்லப்போவது எல்லாம் அநேகமாக இதற்கான விளக்கம்தான்.

நான் இருப்பது பினாங்கில், ஆயர் ஈத்தாம் பக்கம் ஓர் அடுக்குமாடி ஃபிளாட்டில். வேலை பாயான் லெப்பாஸில், 12 மணி நேர ஷிப்டு. இரவு ஷிப்டு முடித்துவிட்டு ஜிம்முக்குப் போய் வரும் பொறுமை எனக்கு எப்போதுமே இருந்ததில்லை. 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து ஜிம், பூங்கா எல்லாம் இழுத்து மூடப்பட்டபோது வீட்டுக்குள் தண்டால், பஸ்கி என்று ஆரம்பித்தது, அப்படியே பழகிவிட்டது. தண்டாலுக்குத் தரை போதும். டிப்ஸுக்குத்தான் எதுவும் அமையவில்லை. இரண்டு சாப்பாட்டு நாற்காலிகளைத் திருப்பிப் போட்டு முதுகைப் பிடித்து அடிக்கலாம் என்பார்கள். டைல்ஸ் தரையில் அது ஆளுக்கொரு பக்கம் வழுக்கிக்கொண்டு போகும். செய்யாதீர்கள்.

கூட வேலை செய்யும் தம்பி ஒருவன் ஆன்லைனில் ஒரு செட் வாங்கியிருந்தான். கறுப்புப் பெயின்ட், கைப்பிடியில் சிவப்பு ஸ்பாஞ்ச், பார்க்க அழகாகத்தான் இருந்தது. அவன் வீட்டில் ஏறிப் பார்த்தேன். இரண்டும் தனித்தனியாக நிற்கும் கம்பிகள், உயரம் இடுப்பு வரை, கீழே தரையில் படிந்திருக்கும் குறுக்குக் காலின் நீளம் ஒரு சாண் ஒன்றரைச் சாண் இருக்கும், அவ்வளவுதான். ஏறி நின்ற உடனே இரண்டு கையும் நடுங்க ஆரம்பித்தது, நடுங்குவது கையா கம்பியா என்று தெரியவில்லை. "அண்ணே, 300 கிலோ தாங்கும்னு போட்டிருந்தானே" என்றான். தாங்கும்தான், பொய்யில்லை. ஆனால் 80 செ.மீ. உயரக் கம்பிக்கு 30 செ.மீ. கால் வைத்தால் நடுவிலிருந்து ஒரு பக்கத்துக்கு 15 செ.மீ.தான் வரும். நீங்கள் கீழே அழுத்துவதில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாகப் பக்கவாட்டில் தள்ளினாலே அது தூக்கிக்கொள்ளும். களைத்த கை அந்த அளவு தள்ளாமல் இருக்குமா? நான் வைத்துக்கொண்ட கணக்கு இது: தனித்தனியாக நிற்கும் பார் என்றால் உயரத்தில் பாதியாவது குறுக்குக் காலின் நீளம் இருக்க வேண்டும். 80க்கு 40. கூட இருந்தால் இன்னும் நல்லது. கூடத்தில் இடம் அடைக்கிறது என்று வீட்டில் முணுமுணுப்பார்கள், அதைச் சமாளிப்பது உங்கள் பாடு.

ஆன்லைனில்தான் வாங்க முடியும் என்ற நிலையில் இருப்பவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். குழாயின் சுவர்க் கனம் எவ்வளவு என்பதைப் பெரும்பாலும் போடமாட்டார்கள், ஆனால் எடை போட்டிருக்கும், அனுப்பும் கட்டணமே அதை வைத்துத்தானே. அங்கே பிடிக்கலாம். வெளி விட்டத்திலிருந்து சுவர்க் கனத்தைக் கழியுங்கள், வந்ததை அதே சுவர்க் கனத்தால் பெருக்கி, அப்புறம் 0.0247ஆல் பெருக்கினால் ஒரு மீட்டர் இரும்புக் குழாயின் எடை கிலோவில் வந்துவிடும், அளவெல்லாம் மில்லிமீட்டரில். 38 மி.மீ. குழாய் 1.2 மி.மீ. கனத்தில் இருந்தால் மீட்டருக்கு 1.1 கிலோ. 2 மி.மீ. இருந்தால் 1.8 கிலோ. இடுப்பு உயர ஜோடி ஒன்றுக்கு ஏறக்குறைய 6 மீட்டர் குழாய் செலவாகும். ஆகவே மொத்த எடை 6, 7 கிலோ என்று போட்டிருந்தால் அது மெல்லிய குழாய், 10 கிலோவைத் தாண்டினால் யோசிக்கலாம். படத்தில் எல்லாமே கனமாகத்தான் தெரியும்.

சரி, வாங்குவதோ செய்வதோ, அதற்கு முன்னால் முடிவு செய்ய வேண்டியது உயரம். எல்-சிட், கைகளில் நிற்பது, ஆழமான தண்டால், இவைதான் உங்கள் ஆசை என்றால் 15 முதல் 30 செ.மீ. உயரமுள்ள குட்டை ஜோடியே போதும். பேரலெட் என்பது அதுதான். கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாம், ஆட்டமும் குறைவு. தரையில் உள்ளங்கையை விரித்து ஊன்றும்போது மணிக்கட்டு வலிப்பவர்களுக்கு இது பெரிய நிம்மதி, கம்பியைப் பிடிக்கும்போது மணிக்கட்டு மடங்காமல் நேராக நிற்கிறது. டிப்ஸ்தான் வேண்டும் என்றால் உயரமானது வேண்டும். எவ்வளவு உயரம்? சுவரோரமாக நேராக நின்று கையைத் தொங்கவிட்டு முஷ்டி பிடியுங்கள். தரையிலிருந்து முஷ்டி வரை எவ்வளவோ அதைவிட ஒரு 10 செ.மீ. கூட இருந்தால் காலை நீட்டிக்கொண்டே கம்பியில் நிற்கலாம், இறங்கும்போது மட்டும் முழங்காலைப் பின்னால் மடக்கினால் போதும். எனக்கு அது 85 செ.மீ. வந்தது. அதற்கு மேல் ஏற்றினால் ஆட்டம் கூடும், ஏறி இறங்குவதும் தொல்லை. ஒலிம்பிக் போட்டியில் வைக்கும் பார் தரையிலிருந்து 2 மீட்டர் உயரம், 3.5 மீட்டர் நீளம். அது ஊஞ்சல் மாதிரி வீசி ஆடுபவர்களுக்கு, நமக்கு எதற்கு? ஃபிளாட் வீட்டில் அதன்மேல் கைகளில் நின்றால் கால் போய் ஃபேனில் மாட்டும்.

அகலத்துக்கு டேப் தேவையில்லை. முழங்கையை ஒரு கம்பியில் வைத்து விரல்களை நீட்டினால் நடுவிரல் நுனி அடுத்த கம்பியைத் தொட வேண்டும். அதாவது ஒரு முழம், உங்கள் முழம். லிட்டில் இந்தியாவில் பூ வாங்கும்போது கடைக்காரம்மாவின் முழம் சின்னதாக இருக்கிறதே என்று வருத்தப்படுவோம் இல்லையா, இங்கே அந்தத் தகராறே கிடையாது, அவரவர் கையால் அவரவர் அளப்பது. பெரியவர்களுக்கு 45 செ.மீ.யைச் சுற்றி வரும். போட்டிப் பாரில்கூட அகலத்தை 42 முதல் 52 செ.மீ. வரை ஆளுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம், நம் முழம் அதற்குள் அடங்கிவிடுகிறது. 1811இல் பெர்லினில் ஹாசன்ஹைடெ திடலில் உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க ஆரம்பித்த ஃப்ரீட்ரிஷ் லுட்விக் யான் காலத்துச் சாதனம் இது, அளவு மட்டும் அப்போதிலிருந்தே மனிதனின் தோளுக்குக் கட்டுப்பட்டதுதான். அகலம் ரொம்பக் கூடினால் தோள்மூட்டு முன்பக்கம் இழுக்கும், அங்கே வலி வந்தால் சீக்கிரம் போகாது. சந்தேகம் இருந்தால் ஒரு விரல் குறைத்து வையுங்கள்.

நான் செய்யத்தான் முடிவு செய்தேன். ஜெலுத்தோங் பக்கம் ஒரு பழைய இரும்புக்கடை, வாசலிலேயே குழாய்கள் அடுக்கி, உள்ளே போக ஓர் ஆள் அகலம்தான் வழி இருக்கும். கடை முதலாளி தவுக்கே காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். "அங்கிள், ஒன்றரை இன்ச் பைப் வேணும்" என்றேன். "எந்த ஒன்றரை? தண்ணி பைப்பா, கேட்டுக்குப் போடுறதா?" என்று மலாயில் திருப்பிக் கேட்டார். இந்தக் கேள்வியைக் கேட்கிற கடைக்காரர் கிடைத்தால் விடாதீர்கள். ஏனென்றால் இரண்டும் ஒன்றல்ல. தண்ணீர்க் குழாய், அதாவது துத்தநாகம் பூசிய ஜிஐ பைப்பில், ஒன்றரை இன்ச் என்பது பெயருக்குத்தான், வெளி விட்டத்தை அளந்தால் 48.3 மி.மீ. இருக்கும், சாரம் கட்டும் குழாயும் அதே அளவு. கேட்டுக்கும் மாடிப்படிக்கும் போடும் ஸ்டெயின்லெஸ் குழாயை வெளி விட்டத்தை வைத்தே சொல்வார்கள், அங்கே ஒன்றரை இன்ச் என்றால் 38 மி.மீ.தான். ஒரே பெயர், கைக்குள் வைத்தால் ஒரு விரல் கனம் வித்தியாசம். என் கை சின்னது, 48 மி.மீ.யைச் சுற்றிக் கட்டைவிரல் வளையவில்லை. ஒன்றேகால் இன்ச் ஜிஐ எடுத்தேன், வெளி விட்டம் 42.4 மி.மீ. உள்ளங்கையில் பாரம் பரவலாக உட்காரும், பிடியும் கிடைக்கும். ஒரு இன்ச் ஜிஐ 33.7 மி.மீ., தொங்குவதற்குச் சுகம், ஊன்றும்போது உள்ளங்கையில் வெட்டுகிற மாதிரி இருக்கும்.

ஜிஐயில் மூன்று ரகம் உண்டு, லேசு, நடுத்தரம், கனம். குழாயின்மேல் வர்ணப் பட்டை அடித்திருக்கும், பழுப்பு லேசு, நீலம் நடுத்தரம், சிவப்பு கனம். கடையில் ஏ, பி, சி என்பார்கள். நீலப் பட்டை போதும், ஒன்றேகால் இன்ச்சில் சுவர்க் கனம் 3.2 மி.மீ. முழு நீளம் 6 மீட்டர். என் மைவி கார் 4 மீட்டர்கூட இல்லை, ஆகவே கடையிலேயே வெட்டி வாங்குங்கள், வெட்டுக்கூலி பெரிதாக இருக்காது. எதை எவ்வளவு நீளம் வெட்டுவது என்று வீட்டிலேயே தாளில் வரைந்து எடுத்துக்கொண்டு போங்கள், கடை வாசலில் நின்று கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தால் பின்னால் லோரிக்காரர் ஹோர்ன் அடிப்பார்.

முதலில் செய்தது திரெட், அதாவது திருகு மரை, போட்ட குழாய். இரண்டு முனையிலும் திரெட் வெட்டி, மூலைக்கு எல்போ என்ற வளைவு இணைப்பு, கீழே டீ என்ற மூவழி இணைப்பு, குறுக்குக் கால். வெல்டிங் வேண்டாம், சுவரில் துளை போட வேண்டாம், வாடகை வீட்டுக்காரர்களுக்கு ஏற்றது, வீடு மாறினால் கழற்றிக் கட்டிக்கொண்டு போகலாம். செலவைச் சொல்ல வேண்டுமானால் குழாயைவிட ஃபிட்டிங்குக்குத்தான் அதிகம் ஆகிறது, அதை எண்ணி எடுத்துக்கொள்ளுங்கள். இதில் இரண்டு சங்கதி உண்டு. ஒன்று, இந்தத் திரெட் கூம்பாக வெட்டப்படுவது, அதனால் அதற்கு எங்கே இறுகத் தோன்றுகிறதோ அங்கேதான் இறுகும், நான்கு காலும் தரையில் படிய வேண்டும் என்ற நம் ஆசை அதற்குத் தெரியாது. ஒரு காலைத் தரைக்குக் கொண்டுவர இன்னும் கால் சுற்றுத் திருகினால் அடுத்தது தூக்கிக்கொள்ளும். இரண்டு பைப் ஸ்பேனர் இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள். இரண்டாவது, டிப்ஸ் அடிக்க அடிக்க எல்போ மெல்லச் சுழன்று தளரும். இதற்கு, எல்லாம் நேராக நின்றபிறகு எல்போவையும் குழாயையும் சேர்த்து ஒரு சின்னத் துளை போட்டு, தானே திரெட் வெட்டிக்கொள்ளும் ஸ்க்ரூ ஒன்றை இறக்கிவிட்டால் அப்புறம் சுழலாது. இன்னொன்றும் சொல்ல வேண்டும், ஒன்றேகால் இன்ச்சில் திரெட்டின் ஆழம் ஏறக்குறைய 1.5 மி.மீ. அதாவது 3.2 மி.மீ. சுவரில் பாதி போய்விடுகிறது, மிச்சம் பாதிதான் வளைவைத் தாங்குகிறது. குட்டை ஜோடிக்கு இது ஒரு பொருட்டே இல்லை. இடுப்பு உயரத்துக்கு, அதுவும் இடுப்பில் எடை கட்டிக்கொண்டு அடிப்பவர்களுக்கு, திரெட் போட்ட மூலையை நான் சொல்லமாட்டேன்.

என் மச்சான் பாலத்துக்கு அந்தப் பக்கம் புக்கிட் மெர்தாஜாமில் கேட், கிரில் அடிக்கிறார். என் திரெட் பாரைப் பார்த்துவிட்டு, "ஏன் மச்சான், இரும்ப வச்சுக்கிட்டு பொம்மை மாதிரி திருகிக்கிட்டு இருக்கீங்க, பாலம் தாண்டிக் கொண்டாங்க" என்றார். மேல் குழாயை மட்டும் அதிலிருந்து எடுத்துக்கொண்டோம், காலெல்லாம் 40க்கு 40 மி.மீ. சதுர ஹோலோ, அதாவது சதுரக் குழாய், 2 மி.மீ. கனம். மேலே உருண்டை, கீழே சதுரம். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது, உருண்டைக் குழாயோடு உருண்டைக் குழாயை ஒட்ட வேண்டுமானால் முனையை மீன்வாய் மாதிரி குடைய வேண்டும், எல்லா இடத்திலும் அதைச் செய்துகொண்டிருந்தால் நாள் போய்விடும். சதுரத்தை நேராக வெட்டி நேராக ஒட்டலாம், குடைவது மேல் முனையில் மட்டும்தான்.

வெல்டிங் பற்றிச் சொல்லியே ஆக வேண்டியது ஒன்று உண்டு. ஜிஐ குழாயின்மேல் இருப்பது துத்தநாகப் பூச்சு. அது 907 டிகிரியில் கொதித்துப் புகையாகிவிடும், வெல்டிங் சூடு அதைவிட எவ்வளவோ அதிகம். அந்த வெள்ளைப் புகையை இழுத்தால் அன்றிரவே குளிர் காய்ச்சல் மாதிரி உடம்பை உலுக்கும். மச்சான் ஒட்டும் இடத்தைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்கு கிரைண்டரால் பூச்சை உரித்து, அடியில் வெறும் இரும்பு தெரிந்த பிறகுதான் கண்ணாடியை இறக்கினார், அதுவும் பட்டறைக்கு வெளியே காற்றில் நின்றுகொண்டு. முதலில் நான்கு இடத்தில் பொட்டு வைத்த மாதிரி ஒட்டிவிட்டு, மட்டப்பலகை வைத்துப் பார்த்து, சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டி நிமிர்த்தி, மறுபடி வைத்துப் பார்த்து, அப்புறம்தான் முழுக்க இழுத்தார். ஆறியதும் மேலே படிந்த கசடைத் தட்டி உதிர்த்துவிட்டு, கையுறையைக் கழற்றிப் பெருவிரலால் தையல் முழுக்கத் தடவிப் பார்த்தார். பிசிறு இருந்தால் உங்கள் உள்ளங்கைதான் கிழியும் என்றார். நீங்கள் எந்தப் பட்டறையில் கொடுத்தாலும் இந்த உரிப்பதைச் செய்கிறார்களா என்று பாருங்கள், உரித்த இடத்தில் துத்தநாகப் பெயின்ட் அடிக்கவும் சொல்லுங்கள், இல்லாவிட்டால் துரு அங்கிருந்துதான் புறப்படும்.

இந்த முறை இரண்டு பக்கத்தையும் சேர்த்துவிட்டோம். தரையோடு தரையாக, ஒரு முனையில் மட்டும் ஒரு குறுக்குச் சட்டம், மறுமுனை திறந்திருக்கும், அங்கிருந்துதான் உள்ளே நுழைவது. ஒரே ஒரு சட்டம்தான், ஆனால் ஆட்டம் அறவே நின்றது அதில்தான், ஏனென்றால் இப்போது இடது கம்பி சாய வேண்டுமானால் வலது கம்பியையும் சேர்த்துத் தூக்க வேண்டும். சட்டத்தை வெல்ட் செய்யவில்லை, 10 மி.மீ. போல்ட். வெல்ட் செய்திருந்தால் எங்கள் ஃபிளாட் லிஃப்டில் அது நுழைந்திருக்காது. பட்டறைக்குப் போவதற்கு முன்னால் உங்கள் லிஃப்டை அளந்துவிடுங்கள், வாசல் கதவையும்தான்.

காலின் அடியில் என்ன போடுவது என்பதில் நான் ரொம்பக் கறார். சதுர ஹோலோவின் திறந்த முனைக்கு நாற்காலிக் கால் ரப்பர் மூடி ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும். ஆனால் தரையில் படுவது குறுக்குக் காலின் அடிப்பக்கம், அங்கே கனமான ரப்பர் பட்டையை வெட்டி ஒட்டினோம். கறுப்பு ரப்பர் வெளிர் நிற டைல்ஸில் கறை விடும், அதுவும் துடைத்தால் போகாத கறை, வாடகை வீடு என்றால் அடியில் ஒரு பழைய பாயையாவது விரியுங்கள். பிள்ளைகள் விளையாடும் புதிர் ஸ்பாஞ்ச் பாய் இதற்கு ஆகாது, அழுந்தி அழுந்திப் பள்ளமாகி, இல்லாத ஆட்டத்தை வரவழைக்கும். பால்கனியில் வைப்பவர்கள் இன்னொன்றைக் கவனியுங்கள். மழைத் தண்ணீர் ஓடுவதற்காக அந்தத் தரை சரிவாகத்தான் இருக்கும், நான்கு காலில் ஒன்று தூக்கிக்கொண்டு நிற்கும். அந்தக் காலுக்கு மட்டும் இன்னொரு ரப்பர் துண்டு.

பால்கனி என்றதும் துரு. பினாங்கு கடற்காற்றைப் பற்றி இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மோட்டார் சைக்கிளின் எக்ஸோஸே சாட்சி. செப்டம்பர், அக்டோபர் மழையில் சாரல் உள்ளே வரும். பெயின்ட் அடித்த வெறும் இரும்பு ஒரு கீறல் விழுந்தால் போதும், அங்கிருந்து உப்பும். குழாயின் திறந்த முனைகளை அடைக்காமல் விட்டால் தண்ணீர் உள்ளே தங்கி, வெளியே தெரியாமலே அரிக்கும். குளவிக்கும் அந்த ஓட்டைமேல் ஆசை உண்டு. டிப்ஸ் அடித்துக்கொண்டிருக்கும்போது கைக்குப் பக்கத்திலிருந்து குளவி வெளியே வருவதைப் பார்த்தவனுக்குத்தான் 50 காசு மூடியின் அருமை தெரியும்.

கைப்பிடி. ஸ்பாஞ்ச் வேண்டவே வேண்டாம். வியர்வையைக் குடித்துக்கொண்டு நாறும், அப்புறம் குழாயின்மேல் சுழல ஆரம்பிக்கும். பளபளப்பான பெயின்டும் ஸ்டெயின்லெஸ்ஸும் நம் புழுக்கத்தில் மீனைப் பிடிக்கிற மாதிரிதான். இங்கே நம் ஊருக்கென்றே ஒரு மருந்து இருக்கிறது, பேட்மிண்டன் மட்டைக்குச் சுற்றும் டவல் கிரிப். பேட்மிண்டன் வீரர் லீ சோங் வெய் வளர்ந்த ஊர் புக்கிட் மெர்தாஜாம், அந்தப் பக்கம் விளையாட்டுச் சாமான் கடையில் அதற்குப் பஞ்சமே இல்லை. கம்பியின் வெளி முனையிலிருந்து உள்ளே நோக்கிச் சாய்வாக இழுத்துச் சுற்றி, முடிவில் மின்சார டேப் போட்டு ஒட்டுங்கள். நைந்துபோனால் கிழித்துவிட்டுப் புதிது. கனம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கூடும், குழாய் வாங்கும்போதே அதையும் மனதில் வையுங்கள்.

ஆனால் கைக்கு எது சுகம் என்று கேட்டால் மரம்தான். குட்டை ஜோடியை நான் மரத்தில் செய்துகொண்டேன். மாடிப்படிக் கைப்பிடிக்குப் போடும் உருண்டைக் கட்டை, நியாத்தோ மரம், ஒரு தச்சுப் பட்டறையில் மிச்சம் கிடந்த துண்டு. வார்னிஷ் போடக்கூடாது, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து அப்படியே விட்டுவிட வேண்டும், வியர்வை பட்டாலும் வழுக்காது. பால்மரக் கட்டையும், அதாவது ரப்பர் மரக் கட்டையும், நன்றாகத்தான் இருக்கும், தோட்டத்தில் வளர்ந்த எங்கள் அப்பாவுக்கு அதை விட்டால் வேறு மரம் மரமே இல்லை, ஆனால் ஈரம் பட்டால் பூசணம் பிடிக்கும், கறையானுக்கும் அது விருந்து. வீட்டுக்குள் மட்டும் வைப்பதென்றால் சரி. எந்த மரமானாலும் முடிச்சு இல்லாத துண்டாகப் பாருங்கள், வரி நீளவாக்கில் நேராக ஓட வேண்டும், குறுக்கே ஓடினால் அங்கேதான் பிளக்கும். பிவிசி குழாயில் பேரலெட் செய்கிறார்களே என்றால், செய்யலாம், மலிவு, பசை போட்டால் முடிந்தது. கைப்பிடி நீளத்தை 30 செ.மீ.க்கு மேல் போகவிடாதீர்கள், நடுவில் தொய்யும். வெயிலில் வைக்காதீர்கள்.

சத்தம் பற்றி ஒரு வார்த்தை. பார் வந்த புதிதில் ஒரு நாள் காலை கீழ் வீட்டு மலாய்க்கார அம்மா, மாக்சிக், படியேறி வந்துவிட்டார். சண்டைக்கு அல்ல, "உங்கள் வீட்டில் ஏதாவது உடைகிறதா?" என்று கவலையோடு கேட்டார். நான் ஒவ்வொரு முறையும் கம்பியிலிருந்து தொப்பென்று தரையில் குதித்து இறங்கியிருக்கிறேன், ஃபிளாட்டில் அந்தச் சத்தம் நேராகக் கீழே போகிறது. அவர் வீட்டில் கைக்குழந்தை வேறு. இறங்குவதற்குப் பக்கத்தில் ஒரு குட்டை ஸ்டூல் போட்டுக்கொண்டேன், அடியில் பாயும் விரித்தேன், அவருடைய பேரன் தூங்கும் நேரத்தையும் கேட்டு வைத்துக்கொண்டேன். நோன்புப் பெருநாளுக்கு எங்களுக்கு கூவே பலகாரம் வந்தது.

பயிற்சியைப் பற்றி நீட்டப் போவதில்லை. ஏறிய முதல் வாரமே டிப்ஸ் எண்ணிக்கையில் இறங்காதீர்கள். கையை நேராகப் பூட்டி, தோளைக் கீழே அழுத்தி, அரை நிமிடம் அசையாமல் நிற்க வருகிறதா என்று முதலில் பாருங்கள். அது வந்தபிறகு, ஸ்டூலிலிருந்து மேலே ஏறிக்கொண்டு மெல்ல இறங்குவது மட்டும். அப்புறம் முழு டிப்ஸ். மேல்கை தரைக்கு இணையாக வந்ததும் நிறுத்துங்கள், அதற்குக் கீழே போவது தோள் பழகிய பிறகு பார்த்துக்கொள்ளலாம். தள்ளுவதை மட்டும் செய்துகொண்டிருந்தால் தோள் முன்னால் கூனும், அதனால் அதே கம்பிகளுக்கு இடையில் மல்லாந்து, குதிகாலைத் தரையில் ஊன்றி, நெஞ்சைக் கம்பி வரை இழுக்கும் பயிற்சியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 85 செ.மீ. உயரம் அதற்கும் பொருந்துகிறது.

கடைசியாக, வீட்டில் பிள்ளைகள் இருந்தால். இந்தச் சாதனம் கவிழ்வதற்கு எனக்குத் தெரிந்து ஒரே வழிதான் மிச்சம் இருக்கிறது, இரண்டு மூன்று பிள்ளைகள் ஒரே பக்கக் கம்பியில் வெளிப்புறமாகத் தொங்குவது. தீபாவளிக்கு அக்கா பிள்ளைகள் வந்தபோது அதைத்தான் செய்தார்கள், மறுபக்கத்துக் கால் ஒரு விரல் தூக்கிக்கொண்டதை நான் கண்ணால் பார்த்தேன். இப்போது விருந்தாளிகள் வருகிறார்கள் என்றால் போல்ட்டைக் கழற்றி இரண்டு பக்கத்தையும் கட்டிலுக்குப் பின்னால் படுக்கப் போட்டுவிடுகிறேன். போல்ட்டை மட்டும் தனியாக ஒரு டப்பாவில் போட்டுக் கம்பியிலேயே கட்டி வையுங்கள், சமையலறை டிராயரில் போட்டால் மறுபடி கிடைக்காது.